160உம் 70உம்: எங்கட தமிழ் ஏன் இங்கிலீஷ் எழுத்துக்குப் போனது?



இந்தக் கிழமை எபிசோடில் "சின்ன வயதில் சொந்தக்காரரோட எப்படித் தொடர்பில் இருந்தம்" என்று கதைச்சம். கார்ட் சுரண்டின கதை, நோக்கியா கதை எல்லாம் சொல்லிச் சிரிச்சதிலேயே நேரம் போயிட்டுது. டெக்னிக்கல் பகுதி கடைசி ஐந்து நிமிடத்துக்குள் நசுங்கிப்போனது. அதை இந்த மடலில் ஆறுதலாகப் பார்ப்பம்.

கேள்வி ஒன்றுதான். உங்களில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் கதைக்கிறீங்கள். ஆனால் மெசேஜ் அடிக்கும்போது அதே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறீங்கள். ஏன்? "எனக்குத் தமிழ் எழுத வராது" என்பது பாதிப் பதில்தான். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வரைக்கும் தமிழில் படிச்ச உங்கட அப்பாவும் அப்படித்தானே அடிக்கிறார்! மீதிப் பதில், 1980களில் ஐரோப்பாவில் சில பொறியியலாளர்கள் எடுத்த ஒரு முடிவுக்குள் இருக்குது. ஒரு பேப்பரும் பேனையும் எடுங்கோ, கொஞ்சம் கணக்கு வரும்.

1. முதலில் குரல்: கார்ட் காலம்

நான் லண்டனில் வளர்ந்தவன். 2000களின் தொடக்கத்தில் எங்கட வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அப்பா தமிழ்க் கடையில் 5 பவுண்ட் போன் கார்ட் ஒன்று வாங்கி வருவார். சில்லறைக் காசால் சுரண்டுவது என் வேலை. முதலில் அக்சஸ் இலக்கம், பிறகு பின் இலக்கம், அதுக்குப் பிறகு 0094 21 என்று தொடங்கும் யாழ்ப்பாண இலக்கம். எல்லாம் சேர்த்தால் முப்பதுக்கு மேற்பட்ட எண்கள். ஒன்று பிழைத்தால் திரும்ப முதலில் இருந்து. அம்மம்மா வீட்டில் அப்போது போன் இல்லை. சந்தியில் இருந்த கொமினிகேஷனுக்கு எடுத்து, "ஆளைக் கூப்பிட்டு விடுங்கோ, அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுக்கிறம்" என்று சொல்லி வைக்க வேணும்.

அந்த முப்பது எண்களுக்குப் பின்னால் நடந்தது இதுதான். வீட்டுப் போனில் நேரடியாக வெளிநாட்டுக்கு எடுத்தால், இரண்டு நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களும் தங்களுக்குள் பேசி வைத்த விலை உங்கட பில்லில் விழும். கார்ட் நிறுவனம் அந்த வழியைச் சுற்றிப் போனது. நீங்கள் அக்சஸ் இலக்கத்தை அடிச்சால் கால் முதலில் உள்ளூரில் இருக்கும் அவர்களின் சேர்வருக்குப் போகும். சேர்வர் உங்கட பின் இலக்கத்தை டேட்டாபேஸில் தேடி, மீதிக் காசைப் பார்த்து, மொத்த விலைக்கு வாங்கி வைத்த மலிவான பாதை ஒன்றால் காலை இலங்கைக்கு அனுப்பும். அந்தப் பாதைகளில் பல இன்டர்நெட் வழியாகப் போனவை. ஆகவே வாட்ஸ்அப் காலுக்குப் பின்னால் இருக்கும் அடிப்படை யோசனையை அம்மம்மா ஸ்மார்ட்போன் காண முன்னமே பாவிச்சிட்டா.

கார்டின் பொஸ்டரில் போட்டிருக்கும் நிமிடங்கள் ஒருநாளும் முழுசாகக் கிடைக்காது. காரணம் மூன்று. இணைப்புக் கட்டணம் என்று முதலிலேயே ஒரு தொகை வெட்டுவார்கள். சில கார்டுகளில் ஒரு செக்கன் கூடிப்போனாலும் முழு நிமிடக் காசு போகும். மீதியை அடுத்த கிழமைக்கு வைத்தால் "பராமரிப்பு" என்று அதிலும் ஒரு கடி. அந்த நிமிடக் கணக்கு, ஒரே காலில் நிறுத்தாமல் கதைச்சு முடிப்பவருக்கு மட்டும்தான்.

ஒரு உபரித் தகவல். லெபாரா 2001இல் லண்டனில் மூன்று ஈழத்தமிழர் தொடங்கிய நிறுவனம். அந்தப் பெயரே அவர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துச் செய்ததுதான். 2006இல் லைக்காமொபைலைத் தொடங்கியவரும் ஈழத்தமிழர்தான். வெளிநாட்டில் இருந்து ஊருக்குக் கதைக்க வேணும் என்ற எங்கட தேவை ஒரு தொழில்துறையாகவே வளர்ந்தது.

இந்த விலைமுறை பேச்சையும் மாற்றியது. எங்கட கால்களுக்கு ஒரு நிரல் இருந்தது: சுகமா, காசு வந்துசேர்ந்ததா, ஊரில் ஆர் செத்தது, மழையா வெயிலா. கடைசியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபது செக்கன்.

"படிக்கிறியா ராசா?"

"ஓம் அம்மம்மா."

"சரி, வைக்கிறன், காசு போகுது."

காசு எங்கட பக்கம்தான் போனது. ஆனாலும் அவதான் முதலில் வைப்பா.

2. ஏன் எல்லாரும் கத்திக் கதைச்சவை?

உங்கட அப்பா இன்றைக்கும் வெளிநாட்டுக் கால் என்றால் கத்துவார். சிரிக்காதைங்கோ, அதுக்கும் காரணம் இருக்குது.

பழைய டிஜிட்டல் தொலைபேசி, குரலை ஒரு செக்கனுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதும். 8,000 × 8 = 64,000 பிட். அந்த வழியால் சுமார் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் போகும். மனிதக் குரலின் மேற்பகுதி, அதாவது "ஸ", "ச" போன்ற ஒலிகளைத் தெளிவாக்கும் பகுதி, வெட்டுப்பட்டுவிடும். மலிவான பாதைகளில் அதை இன்னும் சுருக்கினார்கள். குரல் அடையாளம் தெரியும், சொல் தெரியாது. அதனால்தான் "ஆர் செத்தது?" என்று மூன்று தடவை கேட்க வேண்டி வந்தது.

அடுத்தது தாமதம். கால் செய்மதி வழியாகப் போனால், பூமியில் இருந்து கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் மேலே ஏறி, அதே தூரம் இறங்க வேணும். மொத்தம் 72,000. ஒளியின் வேகம் செக்கனுக்கு 3,00,000 கிலோமீற்றர். ஆக ஒரு வழிக்கு மட்டும் கால் செக்கன். நீங்கள் சொன்னது போய், பதில் திரும்பி வர அரைச் செக்கன். இன்டர்நெட் பாதையில் செய்மதி இல்லாவிட்டாலும், குரலைப் பொதிகளாகக் கட்டி அவிழ்க்கும் நேரம் சேரும். அரைச் செக்கன் சின்னதுபோல இருக்கும். ஆனால் நேரில் கதைக்கும்போது ஒருவர் நிறுத்த மற்றவர் தொடங்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. அதனால் மறுபக்கம் அமைதியாக இருப்பதாக நினைச்சு நாங்கள் திரும்பத் தொடங்குவம், அந்த நேரத்தில் அவர்களின் பதிலும் வந்து மோதும். "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்பதிலேயே பாதிக் கார்ட் முடியும்.

3. 140 பைட்டுக்குள் ஒரு உலகம்

இப்போது எழுத்துக்கு வருவம். எஸ்.எம்.எஸ். ஏன் 160 எழுத்து?

1985இல் ஜேர்மனியப் பொறியியலாளர் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட், தட்டச்சு இயந்திரத்தில் பலவிதமான வசனங்களை அடிச்சு எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160க்குள் முடிந்தன. போனும் கோபுரமும் தங்களுக்குள் சமிக்ஞை பரிமாறும் ஒரு சிறிய வாய்க்கால் ஏற்கெனவே இருந்தது. அதில் சும்மா கிடந்த இடத்தில்தான் இந்தக் குறுஞ்செய்தியைச் செருகினார்கள். முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3இல் இங்கிலாந்தில் போனது. அது ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து.

அந்த வாய்க்காலில் ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட். அதாவது 1,120 பிட். ஒரு எழுத்துக்கு 7 பிட் என்று வைத்தால் 1,120 ÷ 7 = 160. இதுதான் அந்தப் பிரபலமான எண்.

ஆனால் 7 பிட்டால் 128 வேறுபட்ட குறிகளைத்தான் காட்டலாம். அந்த 128க்குள் இங்கிலீஷ் எழுத்துகள், எண்கள், சில மேற்கு ஐரோப்பிய எழுத்துகள், கொஞ்சம் கிரேக்கம் எல்லாம் இடம்பிடித்தன. தமிழ் இல்லை. தமிழ் அனுப்ப வேணும் என்றால் ஒரு எழுத்துக்கு 16 பிட் எடுக்கும் வேறு முறைக்கு மாற வேணும். 1,120 ÷ 16 = 70.

இதோ அந்த இரண்டு எண்கள். இங்கிலீஷுக்கு 160. தமிழுக்கு 70.

இன்னொரு சிக்கலும் இருக்குது. யூனிகோடில் தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியும், உயிர்மெய்யின் கொம்பும் விசிறியும் தனிக் குறிகள். "மா" என்பது எங்களுக்கு ஒரு எழுத்து. கொம்பியூட்டருக்கு "ம" ஒன்று, அரவு ஒன்று, ஆக இரண்டு. "ம்" என்பதும் இரண்டு.

இப்போது பேனையை எடுங்கோ. "அம்மம்மா சாப்பிட்டீங்களா" என்பதை எண்ணுவம்.

- அம்மம்மா: எங்களுக்கு 5 எழுத்து, போனுக்கு 8 குறி.
- இடைவெளி: 1.
- சாப்பிட்டீங்களா: எங்களுக்கு 8 எழுத்து, போனுக்கு 15 குறி.

மொத்தம் 24 குறி. இதையே இங்கிலீஷ் எழுத்தில், நெடிலையும் இரட்டிப்பையும் ஓரளவு விடாமல் அடிச்சால் 23 குறி வரும். கிட்டத்தட்ட ஒரே நீளம்! ஆனால் 24 × 16 = 384 பிட். 23 × 7 = 161 பிட். ஒரு எஸ்.எம்.எஸ். காசுக்குள் அந்த வசனத்தைத் தமிழில் இரண்டு தடவைதான் முழுசாக அனுப்பலாம். இங்கிலீஷ் எழுத்தில் ஆறு தடவை அனுப்பலாம்.

2002இல் எனக்கு 14 வயது, கையில் ஒரு பழைய நோக்கியா. ஒரு மெசேஜுக்கு 10 பென்ஸ். அந்தப் போனில் தமிழ் எழுத்தே இல்லை என்பது ஒரு பக்கம். இருந்திருந்தாலும், இரண்டு மடங்குக்கு மேல் காசு குடுத்துத் தமிழில் ஆர் அடிச்சிருப்பார்? ஆகவே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் என்பது சோம்பேறித்தனத்தில் பிறக்கவில்லை. கையில் இருந்த கருவிக்கும் காசுக்கும் ஏற்ப எங்கட ஆட்கள் கண்டுபிடிச்ச ஒரு தீர்வு அது. ஆரும் உங்களைப் பார்த்து "தமிழைக் கெடுக்கிறீங்கள்" என்றால் இந்தக் கணக்கைக் காட்டுங்கோ.

4. இந்தக் கணக்கு இன்றைக்கும் சாகவில்லை

சில வருடத்துக்கு முன் ஒரு கிளினிக் வேலைக்குக் கொன்ட்ராக்டில் போனேன். அப்பொயின்ட்மென்ட்டை நினைவூட்டும் எஸ்.எம்.எஸ்.ஸைப் பல மொழிகளில் அனுப்பும் சிஸ்டம் அது. ஒரு மீட்டிங்கில் "தமிழை நிப்பாட்டலாமா?" என்று கேட்டார்கள். இங்கிலீஷ் மெசேஜ் ஒரு துண்டு, தமிழ் மெசேஜ் மூன்று துண்டு, ஆக மூன்று மடங்கு காசு.

ஏன் மூன்று? நீளமான செய்தியைத் துண்டுகளாக வெட்டினால், அவற்றைத் திரும்ப ஒட்டுவதற்கான தகவலுக்கும் ஒவ்வொரு துண்டிலும் இடம் வேணும். அதனால் 160 என்பது 153 ஆகும். 70 என்பது 67 ஆகும். அவர்களின் தமிழ் வசனம் இங்கிலீஷில் இருந்து சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தது. "தங்களது முன்பதிவு செய்யப்பட்ட" என்று தொடங்கி 180 குறி ஓடியது. 67 + 67 = 134, போதாது. ஆகவே மூன்றாவது துண்டு.

நான் எழுதிக் குடுத்த வசனம் இது: "நாளை காலை 10 மணிக்கு சந்திப்பு. வர முடியாவிட்டால் அழைக்கவும்." எண்ணிப் பாருங்கோ. 61 குறி. 70க்குள், ஒரே துண்டு, இங்கிலீஷ் விலை. தமிழ் தப்பியது.

கிளினிக்கில் காத்திருக்கும் எங்கட வயது போன ஆட்களை யோசியுங்கோ. அந்த ஒரு வசனம் விளங்காவிட்டால் அப்பொயின்ட்மென்ட் தவறும், பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேணும். எழுத்துக் குறியீடு என்று பாடப்புத்தகத்தில் வரும் விஷயம் கடைசியில் ஒரு ஆளின் உடம்பில் வந்து முடியும். கொம்பியூட்டர் சயன்ஸ் படிக்கும் தம்பி தங்கச்சிமார் இதை மனதில் வைச்சிருங்கோ.

ஒரு டிப்: 150 குறி உள்ள இங்கிலீஷ் எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ இமோஜியோ சேர்த்தாலும் முழுச் செய்தியும் 16 பிட் முறைக்கு மாறி, மூன்று துண்டாகும். ஸ்மார்ட்போனிலும் இதே கதைதான், எஸ்.எம்.எஸ். என்றால்.

5. எழுத்து இருந்தும் பெட்டி பெட்டியாகத் தெரிந்த காலம்

கொம்பியூட்டரில் தமிழ் முன்னமே இருந்தது, ஆனால் அது ஒரு கண்கட்டு வித்தை. எங்கட ஆட்கள் அதிகம் பாவிச்சது பாமினி எழுத்துரு. அதில் "தமிழ்" என்று அடிச்சால், கோப்புக்குள் உண்மையில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு இங்கிலீஷ் எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். ஜேயின் உருவத்துக்குப் பதிலாக "த"வின் படத்தை எழுத்துரு காட்டும், அவ்வளவுதான். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் கல்யாண அழைப்பிதழ் முழுக்க உளறல்.

தமிழ் 1991இலேயே யூனிகோடின் முதல் பதிப்பில் சேர்ந்தாச்சு. "த" என்றால் எந்தக் கொம்பியூட்டரிலும் "த" என்ற நிலை காகிதத்தில் வந்துவிட்டது. அது போன்களுக்கு இறங்கி வரத்தான் காலம் எடுத்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், கைப்பேசியில் தமிழில் எழுதி அனுப்ப 2005இலேயே வழிசெய்தது. எங்கட கைகளுக்குப் பரவலாகத் தமிழ் வந்தது ஸ்மார்ட்போனோடதான்.

அதோட 70 என்ற சுவரும் இடிந்தது. 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப் செய்தியை இன்டர்நெட் வழியாக அனுப்பியது. இன்டர்நெட்டில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். மாமா தினமும் காலையில் அனுப்பும் ரோசாப்பூப் படம் 100 கிலோபைட் என்று வையுங்கோ. அந்த இடத்துக்குள் 33,000க்கு மேல் தமிழ்க் குறிகள் அடங்கும். ஒரு சின்னப் புத்தகமே அதுக்குள் வந்துவிடும்.

6. சுவர் போனது, பழக்கம் நின்றது

2015இல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது. அம்மம்மா சித்தியின் போனில் எங்களோடு கதைக்கத் தொடங்கினா. ஒரு சதம் செலவில்லை. ஆனாலும் ஐந்து நிமிடம் தாண்டினால், "சரி, வைக்கிறன், காசு போகுது." எத்தனை தரம் விளங்கப்படுத்தியும் அவவின் கை போனை வைக்கத்தான் போகும்.

எங்கட இங்கிலீஷ் எழுத்துத் தமிழும் அதே மாதிரித்தான். காசும் போகாது, இடமும் போகாது. கை மட்டும் பழைய வழியில் போகுது.

அதால் என்ன நட்டம்? இரண்டு சொல்லுறன்.

ஒன்று, வாசிக்க முடியாதவர்கள். என்ர தம்பி அம்மம்மாவுக்கு அன்பாகத்தான் மெசேஜ் போடுவான், இங்கிலீஷ் எழுத்தில். அம்மம்மா பேப்பரை முதல் பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் வாசிக்கிற ஆள். ஆனால் அவவுக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும். சித்தி வேலையால் வரும் வரைக்கும் அந்த மெசேஜ் அவவின் கையில் பூட்டிய பெட்டியாக இருந்தது.

இரண்டு, தேட முடியாதது. இங்கிலீஷ் எழுத்தில் பல்லியும் பள்ளியும் ஒன்று, பழமும் பலமும் சிலரின் கையில் ஒன்று. ழகரத்துக்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். உங்கட குடும்பக் குரூப்பில் அப்பா 2017இல் சொன்ன ஒரு ஊர்க் கதையை இப்போது தேடிப் பாருங்கோ. எந்த ஸ்பெல்லிங்கில் தேடுவீங்கள்?

அம்மம்மா 2019இல் காலமானா. பதினைந்து வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைச்சிருக்கிறம். அந்தக் கால்களில் ஒரு செக்கன்கூட எங்கும் இல்லை. தொலைபேசி அப்படித்தான், கொண்டுபோகும், வைச்சிருக்காது. மிஞ்சியிருப்பது 23 வொய்ஸ் நோட். ஒன்றில் பின்னால் மழைச் சத்தம், "தகரத்தில் மழை விழுறது கேக்குதோ?" என்று கேட்கிறா. 8,000 தடவை அளந்த பழைய கம்பியில் அந்த மழை வெறும் இரைச்சலாகத்தான் வந்திருக்கும். இதில் தனித்தனித் துளியாகக் கேட்கலாம். நீங்கள் குப்பை என்று நினைக்கும் வொய்ஸ் நோட், உங்கட குடும்பத்தில் முதன்முதலாகத் தானாகச் சேமிக்கப்பட்ட பேச்சு.

ஆனால் "தானாக" என்பதை நம்பி இருக்காதைங்கோ. 2003இல் தொடங்கிய ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. எந்தச் செயலிக்கும் ஒருநாள் அது வரும்.

7. இந்தக் கிழமை வீட்டுவேலை

1. போன் செட்டிங்ஸில் தமிழ் விசைப்பலகையைச் சேருங்கோ. ஐபோன், ஆண்ட்ராய்ட் இரண்டிலும் இருக்குது. தமிழ் எழுத்துகளைத் தேடிப் பிடிக்கக் கஷ்டம் என்றால், இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க அடிக்கத் தமிழாக மாற்றும் வகையை எடுங்கோ. உங்கட பழைய பழக்கமே உங்களுக்கு உதவும்.

2. ஊரில் இருக்கும் வயது போன ஒருவருக்கு ஒரே ஒரு வசனம் தமிழில் அனுப்புங்கோ. எழுத்துப்பிழை பரவாயில்லை. பூட்டிய பெட்டியைவிடப் பிழையான தமிழ் எவ்வளவோ மேல்.

3. முக்கியமான ஒருவரின் வாட்ஸ்அப் சட்டைத் திறந்து, "எக்ஸ்போர்ட் சட்" மூலம் படங்கள், குரல் பதிவுகளோடு வெளியே எடுங்கோ. குரல் கோப்புகளின் பெயரில் திகதியும் ஒரு எண்ணும்தான் இருக்கும். ஆர் கதைக்கிறது, எந்த ஊர், என்ன விஷயம் என்று தமிழில் பெயர் வையுங்கோ. இரண்டு இடத்தில் சேமியுங்கோ. அந்த சட்டில் "மறையும் மெசேஜ்" போட்டிருந்தால், தொடர்ந்து வைச்சிருக்கலாமா என்று இரண்டு பேருமாகக் கதைச்சு முடிவெடுங்கோ.

4. அம்மா அப்பாவிடம் ஒரு கேள்வி: "வெளிநாடு வந்து முதல்முதல் ஊருக்கு எப்படித் தகவல் அனுப்பினீங்கள்?" கடிதமா, கசெட்டா, செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோன செய்தியா, கொமினிகேஷனா? பதிலை வொய்ஸ் நோட்டாக எடுங்கோ. எடுக்கப் போறம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கோ.

நான்காவதுக்குக் கிடைத்த பதில்களை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கோ. அவர்கள் சம்மதிச்சால் அடுத்த எபிசோடில் சிலதை வாசிப்பம். முடிஞ்சால் தமிழ் எழுத்திலேயே அடியுங்கோ. 70 தாண்டினாலும் காசு போகாது.